எழும்பி நிற்பவள்

ஊசி மருந்தின் வேலை முடிந்த பிறகும் கண்ணகையின் வலக்கை தேத்தண்ணிக் கோப்பையை விடவில்லை.

மற்றதெல்லாம் வழக்கம்போலவே நடந்தது. முதலில் இமைகள் இறங்கின. பிறகு தாடை தொங்கியது. கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்தது. சற்று முன்வரை நாற்காலியில் நிமிர்ந்திருந்து தன் கையாலேயே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவள், நனைந்த சாக்கைப்போல நேர்ஸ் செசீலியாவின் தோளில் வந்து விழுந்தாள். கை மட்டும் விழவில்லை. மடிக்கு மேலே, எதிலும் ஊன்றாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் கோப்பையைப் பிடித்தபடி நின்றது.

டொக்டர் ஹெக்டர் மேசைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தார். செசீலியா கோப்பையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. சுண்டுவிரலைப் பிரிக்கப் பார்த்தாள். இரும்புக் கொளுக்கியைப் பிரிப்பதுபோல இருந்தது. அந்த விரல்களின் பலம் அவளுக்குத் தெரியும். காலையும் மாலையும் அவற்றை அமத்திப் பார்த்து அளவு சொல்வது அவள்தான். ஒரு வாழைப்பழத்தை உரிக்கவும் அவற்றால் முடியாது.

பிறகு அவையாகவே, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் திறந்தன. போதும் என்று யாரோ தீர்மானித்ததுபோல.

"முடிஞ்சுதா?" என்றார் டொக்டர், திரும்பாமலே.

"ஓம், டொக்டர்."

கோப்பையைப் பற்றி ஏன் சொல்லாமல் விட்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அது அறுபத்தைந்தாம் ஆண்டு மாரி. படுவான்கரைத் துறையடியில் தென்னந்தோட்டக்காரர் ஒருவர் பூட்டி வைத்திருந்த பழைய பங்களாவை டொக்டர் ஹெக்டர் தன் ஆராய்ச்சிக்கென்று எடுத்திருந்தார். தசைகள் தளர்ந்து போகிற ஒரு அரிய வருத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சி. லண்டனில் படிக்கும்போது, தன் எச்சிலையே விழுங்க முடியாமல் மூச்சடைத்துச் செத்த ஒரு சின்னப் பெண்ணின் கட்டிலருகே இரவு முழுக்க இருந்தவர் அவர். அதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதனால்தான் செசீலியா பட்டணத்து ஆசுப்பத்திரி வேலையை விட்டு அவரோடு வந்தாள். நல்ல மனிதர். நல்ல வேலை.

மற்ற நோயாளிகள் மாரிக்கு முன்பே வீடு போய்விட்டார்கள். கண்ணகை மட்டும் எஞ்சினாள். மாங்கேணிக்காரி, முப்பது வயது இருக்கும். அவளுடைய அறைக்கும் வாவிக்கும் நடுவே ஒரு விறாந்தையும் சில தென்னைகளும் மட்டுமே. மழை தொடங்கிய பிறகு வாவி ஒவ்வொரு நாளும் ஒரு தென்னையைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. சுவர்களில் உப்புப் பூத்தது. பெட்சீற் உலரவே இல்லை. டெற்றோல் மணத்தின் கீழே எப்போதும் சேற்று மணமும் முயல் மூத்திர மணமும் இருந்தன. அடுத்த அறையில் கூடுகளில் முயல்கள். கண்ணகையின் இரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து அவற்றுக்கு ஏற்றி, அவையும் தளர்கின்றனவா என்று டொக்டர் பார்த்துவந்தார். அவை இலை மெல்லும் சத்தம் பகலிலும் இரவிலும் சுவரின் அந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். சில நாட்களில் காது அதை மறந்துவிடும்.

நின்றால்தான் தெரியும்.

கோப்பை விழாத அன்று அது நின்றது. ஊசி ஏறிய நேரத்திலிருந்து கண்ணகையின் விரல்கள் திறந்த நேரம் வரை, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு முயல் மெல்லத் தொடங்கியது. பிறகு மற்றவையும்.

கண்ணகை காலையில்தான் பேசுவாள். படுத்தெழும்பிய பலத்தில் கொஞ்ச நேரம் குரல் இருக்கும். போகப் போக அது மூக்குக்குள் போய், மெலிந்து, நின்றுவிடும். அதனால் சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பாள். மறுநாள் காலை செசீலியா அவளுடைய முகத்தைத் துடைக்கும்போது அவள் சொன்னாள்:

"மிஸி, அந்த ஊசி வேணாம்."

"ஏன் கா? நோகுதா?"

"நோகேல்ல." மூச்சு வாங்கினாள். "அது ஏறினா எழும்புறது நானில்ல."

செசீலியா சிரித்தாள். வருத்தக்காரர்கள் எத்தனையோ சொல்வார்கள். "மறுகா ஆரு?"

"தெரியா. நான் உள்ளுக்குக் கிடப்பன். அது எழும்பி இரிக்கும். தேத்தண்ணி குடிக்கும். உங்களோட பறையும். நான் கிடந்து…"

குரல் மூக்குக்குள் போய்விட்டது. உதடுகள் இன்னும் கொஞ்சம் அசைந்தன. பாதி மூடிய இமைகளுக்குக் கீழிருந்து கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் அவளால் கையைத் தூக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் செசீலியா டொக்டரிடம் அதைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. பேனையை மூடி வைத்தார்.

"நம்மட உடம்புக்குள்ள ஒரு காவல் இரிக்கு, செசீலியா. எது தன்ட, எது பிறத்தியாருட எண்டு பாத்துப் பிடிக்கிற காவல். இந்த வருத்தத்தில அந்தக் காவல் பிழைச்சுப் போகுது எண்டுதான் இப்ப சில பேர் நினைக்கினம். நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். தன்ட தசையையே கள்ளன் எண்டு நினைச்சு அது கட்டிப் போடுது. நான் போடுற மருந்து அந்தக் கட்டைக் கொஞ்ச நேரம் தளர்த்திவிடுது. அவ்வளவுதான். பலம் திடீரெண்டு வந்து போறது அந்தப் பாவத்துக்குப் பயமா இரிக்கும்."

"காவல் பிழைச்சதெண்டு எப்பிடித் தெரியும், டொக்டர்?"

ஏதோ கேட்க வேண்டுமென்று கேட்டதுதான். அவர் சிரித்தார்.

"பிழைக்காட்டி அது ஆரைக் கட்டி வச்சிருக்கு?"

அந்த வாரம் கண்ணகையின் புருசன் வினாயகமூர்த்தி வந்தான். எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் தோணிக்காரர் கச்சி முகம்மதுவோடு வந்து இறங்கி, ஈரச் சாரத்தோடு விறாந்தையில் நின்றான். கடலுக்குப் போகிறவனின் கறுத்த, அகன்ற தோள்கள். மனைவியின் காலடியில் கனநேரம் இருந்தான். கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தைக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான். செசீலியா எட்டிப் பார்த்தபோது அவளுடைய தளர்ந்த கையை அவன் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

போகும்போது படியில் நின்று கேட்டான்: "மிஸி, இவளுக்குச் சுகம் வருமா?"

"டொக்டர் பாடுபடுறார். ஊசி போட்டா எழும்பி நடக்கிறா தெரியுமா? ரெண்டு தரம் விறாந்தை வரைக்கும் நடந்திருக்கிறா."

அவனுக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்தாள். அவன் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"நடந்தாளா?"

"ஓம்."

மழை கூரையில் இரைந்தது. அவன் தோணியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ரெண்டு மாரிக்கு முந்தி முகத்துவாரத்தில எங்கட தோணி கவுண்டுது, மிஸி. அவளை எடுக்கக்குள்ள உசிரில்ல. வாய் நிறையச் சேறு. கரையில கிடத்திச் சீலையால மூடிப் போட்டம். நான் அழுது முடிச்சும் போட்டன். மறுகா, தானா எழும்பி இருந்தாள்."

"கடவுள் காப்பாத்தியிருக்கிறார்."

"அப்பிடித்தான் நானும் நினைச்சன். அதுக்குப் பொறகு அவள் நித்திரை கொள்ளேல்ல. ஆம்பிளைக்குப் பாரமான மூட்டையத் தனியத் தூக்குவாள். எந்த நேரம் கண் முழிச்சுப் பாத்தாலும் புள்ளைட தலைமாட்டில நிப்பாள். குனிஞ்சு பாத்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. புள்ளை காய்ச்சலா விழுந்திச்சு. நான் பயந்து போய்த் தங்கச்சி வீட்டில கொண்டு விட்டன். மறுகாதான் இந்த வருத்தம் வந்திச்சு. கண்மடல் விழுந்திச்சு, கை விழுந்திச்சு, கால் விழுந்திச்சு. கிடையில கிடந்து ஒரு நாள் 'இஞ்சாருங்க' எண்டு கூப்பிட்டாள்."

அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்தான்.

"அது அவள்ட சத்தம், மிஸி. தோணி கவுண்டதுக்குப் பொறகு அண்டைக்குத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டன். வருத்தம் வந்துதான் என்ட பொண்டாட்டிய எனக்குத் திருப்பித் தந்திச்சு. நான் கிடையிலயே வச்சுப் பாக்கிறன். சோறு தீத்துறன். மூச்சு இழுக்கத் தொடங்கினதாலதான் இஞ்ச கொண்டந்தன்." கும்பிடுவதுபோலக் கையைச் சேர்த்தான். "அவளைச் சுகப்படுத்திப் போடாதீங்க."

தோணி மழைக்குள் மறைந்த பிறகும் செசீலியா படியில் நின்றாள். உள்ளே முயல்கள் மென்றுகொண்டிருந்தன.

அடுத்த சில நாட்களில் வெள்ளம் ஏறியது. குளங்கள் உடைத்ததாகச் செய்தி வந்தது. மேற்கே வயல் வட்டைகள் எல்லாம் ஒரே தண்ணீர். சமையல்காரி வருவதை நிறுத்தினாள். கண்ணகைக்குச் சளி பிடித்தது. சளி நெஞ்சுக்குள் இறங்கியது. இருமித் துப்ப அவளுக்குப் பலமில்லை. டொக்டர் இருந்த ஒட்சிசனை எல்லாம் கொடுத்துப் பார்த்தார். கடைசி உருளையின் அளவு முள் கீழே விழுந்த அன்று காலை அவர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"நான் அக்கரைக்குப் போய் உருளை கொண்டு வாறன். அவள்ட புருசனுக்கும் ஆள் அனுப்பியாச்சு, அந்தக் கரைத் துறையில வந்து நிப்பான். மூச்சு நிக்கப் பாத்தா இந்தக் காற்றுப்பையை அமத்து. அதுவும் சரிவராட்டி ஊசி. அளவு எடுத்து வச்சிருக்கு." அவர் செசீலியாவின் முகத்தைப் பார்த்தார். "இந்த முறை அளவு கொஞ்சம் கூட. பயப்படாத. அவள் சாகக் கூடாது."

தோணி போனது. பங்களாவில் இரண்டு பெண்களும் முயல்களும் மட்டும்.

மத்தியானம் கடந்ததும் வானம் கறுத்து அறைக்குள் மாலைபோல இருட்டியது. விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு செசீலியா கட்டிலருகே இருந்தாள். கண்ணகையின் மார்பு எழும்புவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அது முன்னையதைவிடக் கொஞ்சம் குறைவாக எழும்பியது, கடற்கரையில் வற்றிப்போகிற அலைபோல. ஒரு முறை எழும்பவில்லை. அவள் முகமூடியை வாயிலும் மூக்கிலும் வைத்து அழுத்தி, ரப்பர் பையை அமத்தினாள். மார்பு உயர்ந்தது. விட்டாள். தாழ்ந்தது. புஸ். புஸ். இனி அந்தப் பெண்ணின் மூச்சு அவளுடைய கைக்குள் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் விறாந்தைப் படியை நக்கும் சத்தம் கேட்டது. தோள் எரிந்தது. பிறகு மரத்தது. ஒரு கையால் பையை அமத்திக்கொண்டு மறு கையின் விரலைக் கண்ணகையின் உள்ளங்கைக்குள் வைத்தாள்.

"கண்ணகை, நான் பேசுறது கேக்குதெண்டா அமத்து."

மெல்ல, ஒரு வண்ணத்துப்பூச்சி இருந்து எழும்பியதுபோல, விரல் அமத்தப்பட்டது.

"ஊசி போடட்டா? ஓமெண்டா அமத்து."

ஒன்றுமில்லை.

"கண்ணகை. என்ட கை சோந்து போச்சு. போடாட்டி நீ செத்துப் போயிருவ. போடட்டா?"

ஒன்றுமில்லை. காத்திருந்தாள். அந்த உள்ளங்கை திறந்தே கிடந்தது.

"வேணாமா?"

அமத்தியது. அவளிடம் மிச்சமிருந்த பலம் எல்லாம் அதில் இருந்தது.

செசீலியா அழுதுகொண்டே பையை அமத்தினாள். அருள் நிறைந்த மரியே, புஸ், கர்த்தர் உம்முடனே, புஸ். தோணிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். மழைதான். வலது கை விறைத்து மடங்கியது. இடது கைக்கு மாற்றினாள். அதுவும் கொஞ்ச நேரத்தில் சொல் கேட்கவில்லை. பை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். விரல்கள் மூடவில்லை. மறுபடி விழுந்தது.

கண்ணகையின் உதடுகள் நீலமாயின. பிறகு நகங்கள்.

ஒரு நேர்ஸ் என்ன செய்வாள்? உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்க அவளுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே ஊசியைப் பிடித்து, பற்களால் மூடியைக் கழற்றி, கண்ணகையின் கைநரம்பில் ஏற்றினாள்.

"என்னை மன்னிச்சிரு கா."

மெல்லும் சத்தம் நின்றது.

முதலில் உதடுகளில் நிறம் வந்தது. பிறகு இமைகள் திறந்தன, முழுதாக, இரண்டும் ஒன்றாக. கண்ணகை எழும்பி இருந்தாள். கையை ஊன்றவில்லை. முகமூடியை எடுத்துச் சுருக்கம் நீவித் தலையணையில் வைத்தாள்.

"மிஸி நல்லாச் சோந்து போனீங்க," என்றாள். குரல் தெளிவாக, மணிபோல இருந்தது. "கொஞ்சம் இருங்களன். எவ்வளவு நேரமா இந்தப் பைய அமத்திக்கிட்டிரிக்கீங்க, பாவம், எனக்கு எல்லாம் தெரியும், நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தனான்."

ஒரே மூச்சில். இல்லை. மூச்சே இல்லை. செசீலியா அந்த மார்பைப் பார்த்தாள். சேலை அசையவில்லை.

கண்ணகை கட்டிலை விட்டு இறங்கி நின்றாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். ஈரத் தரையில் சத்தமில்லாமல் நடந்து விறாந்தைக்குப் போனாள். செசீலியா சுவரோடு ஒட்டி இருந்தாள். மருந்தின் வேகம் முடியும், என்று தனக்குச் சொன்னாள். மருந்துதானே. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். இப்போது முடியும். விழுவாள். தாங்கிப் பிடிக்க வேண்டும். எழும்பு.

மருந்தின் வேகம் முடியவில்லை. விளக்குத் திரி கருகத் தொடங்கியது. கண்ணகை இன்னும் விறாந்தையில் நின்றாள். முதுகு நேராக.

சுவரின் அந்தப் பக்கம் ஒன்றும் மெல்லவில்லை.

பிறகு தண்ணீரில் துடுப்புச் சத்தம் கேட்டது.

செசீலியா தவழ்ந்து, கதவைப் பிடித்து எழும்பி வெளியே வந்தாள். மழை மெலிந்திருந்தது. சாம்பல் வெளிச்சத்தில் வாவி கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. தென்னைகளுக்கு அப்பால் தோணி. கச்சி முகம்மது பின்னால் நின்று துடுப்புப் போட்டார். நடுவில் உருளைகளைக் கட்டிப்பிடித்தபடி டொக்டர். முன்னால் வினாயகமூர்த்தி. அவனுடைய மடியில், சாக்கால் போர்த்திய ஒரு சின்னப் பெண்பிள்ளை. தாயின் முகத்தைக் கடைசியாகக் காட்டக் கொண்டு வந்திருக்கிறான்.

கண்ணகை படியில் இறங்கித் தண்ணீருக்குள் நின்றாள். வெள்ளம் முழங்காலைச் சுற்றி இழுத்தது. அவள் அசையவில்லை.

"செசீலியா!" டொக்டர் எழும்பி நின்று கையை ஆட்டினார். சிரித்தார். அழுதார். "எழும்பிட்டாள்! பாத்தியா? எழும்பிட்டாள்!"

வினாயகமூர்த்தி சிரிக்கவில்லை. பிள்ளையின் முகத்தைத் தன் மார்போடு அழுத்தினான்.

"தோணியத் திருப்புங்க காக்கா! திருப்புங்க!"

"என்ன மனே இது? பொண்டாட்டி எழும்பி நிக்கிறா…" என்றார் கச்சி முகம்மது.

"திருப்புங்க!"

செசீலியாவும் கத்தினாள். வராதீங்க என்றுதான் கத்தினாள். குரல் காற்றோடு போயிற்று. கச்சி முகம்மது தடுமாறித் துடுப்பை மாற்றிப் போட்டார். ஆனால் நீரோட்டம் தோணியைப் பிடித்துவிட்டது. அது பக்கவாட்டில் திரும்பி, மெதுவாக, தானாகவே படியை நோக்கி வந்தது.

அப்போதுதான் செசீலியா அந்த முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். வாய் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் இடது இமை நடுங்கியது. மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

"கண்ணகை?" என்றாள் செசீலியா. "கண்ணகை, நீயா? இழு கா. இழுத்து மூடு."

இமை இன்னும் இறங்கியது. அதன் ஓரத்தில் ஒரு சொட்டு நீர்.

அவளுடைய இடக்கை உயர்ந்தது. அவசரமில்லாமல், ஒரு விரலை அந்த இமையின் மேல் வைத்து, அதை மேலே தள்ளி, அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டது. விரலுக்குக் கீழே இமை துடித்தது, பிடிபட்ட சிறு குருவிபோல.

"அம்மா!" என்றது பிள்ளை, சாக்குக்குள்ளிருந்து தலையை நீட்டி.

மற்றக் கை தோணியை நோக்கி நீண்டது.